மேரி ஆன் வாக்கரைத் தேடிய எட்டு மாதம்

லண்டன் ஃப்ளீட் தெருவில் என் அலுவலகத்துக்குப் பின்புறம் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயம் இருக்கிறது. வெயில் அடிக்கிற நாட்களில் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அதன் முற்றத்தில் உட்காருவேன். 1864 ஜனவரி 16 அன்று அந்தத் தேவாலயத்தில் 18 வயதுப் பெண் ஒருவருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் மேரி ஆன் வாக்கர், பூட்டு செய்யும் கொல்லரின் மகள். மாப்பிள்ளை வில்லியம் நிக்கல்ஸ், அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர். வீட்டில் அந்தப் பெண்ணை பாலி என்று கூப்பிட்டார்கள்.

இந்தப் பெயரை இணையத்தில் போட்டால் 1888 ஆகஸ்ட் 31 விடியற்காலை கிழக்கு லண்டனின் வொயிட்சேப்பலில் அவர் கொலையுண்ட செய்திதான் வந்து குவியும். ‘ஜாக் த ரிப்பர்’ என்று பெயர் வைத்து இன்றும் தேடுகிறார்களே, அந்தக் கொலைகாரன் யார் என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் இல்லை. அதற்கு முன்னால் ஒரு பெண் 43 வருடம் வாழ்ந்திருக்கிறார். பிறந்தார், படித்தார், பிள்ளை பெற்றார், வாடகை கட்டினார். அந்த 43 வருடத்தை அசல் பதிவேடுகளைக் கொண்டு எவ்வளவு தூரம் கட்டி எழுப்ப முடியும் என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அவருடைய வாழ்க்கையை ஏற்கெனவே ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு. ஆனாலும் தடத்தை நானே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு பெரிய சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டினேன். இடது ஓரம் 1845, வலது ஓரம் 1888. மூன்று நிறப் பேனா. அரசாங்கமோ தேவாலயமோ எழுதிவைத்தது கறுப்பு. அவரைப் பற்றி மற்றவர்கள் வாயால் சொன்னது சிவப்பு. அவரே சொன்னது, அவர் கையால் எழுதியது நீலம். இந்த நிறப் பிரிவினை ஏதோ ஒழுங்குக்காகச் செய்தது. கடைசியில் அதுதான் எல்லாவற்றையும் விட உதவியது.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பின்பக்கமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தெரிந்த கடைசிச் செய்தியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். முன்னாலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று பிறகு சொல்கிறேன்.

கடைசிச் செய்தி பிணவறையில் எழுதிய உடைமைப் பட்டியல். செம்பழுப்பு நிற அல்ஸ்டர் மேலங்கி ஒன்று. அதில் ஏழு பெரிய பித்தளைப் பொத்தான். ஒவ்வொன்றிலும் குதிரைமேல் ஒரு பெண், பக்கத்தில் ஒரு ஆண். பழுப்பு லின்ஸி கவுன். கறுப்பு வைக்கோல் தொப்பி, ஓரத்தில் கறுப்பு வெல்வெட். ஒரு சீப்பு, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று. அப்புறம் இரண்டு உள்பாவாடை, அவற்றின் இடுப்புப் பட்டையில் ‘லாம்பெத் வொர்க்ஹவுஸ், பி.ஆர்.’ என்று முத்திரை.

அந்த முத்திரைதான் போலீஸுக்கு அவர் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பி.ஆர். என்பது பிரின்சஸ் ரோடு. வொர்க்ஹவுஸ் என்பது வக்கற்றவர்களுக்கு வேலையும் சோறும் கொடுத்துத் தங்கவைக்கும் அரசு விடுதி. அங்கே கொடுக்கும் துணியை வெளியே கொண்டுபோய் அடகு வைத்துவிடக் கூடாது என்று முத்திரை குத்துவார்கள். லாம்பெத்தில் அவரோடு தங்கியிருந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் அடையாளம் சொன்னார். ஒரு பாவாடைப் பட்டை நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் கழித்து எனக்கும் வழிகாட்டியது. எந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

அடுத்தது மரண விசாரணை பற்றி 1888 செப்டம்பர் நாளிதழ்களில் வந்தவை. ஒரே சாட்சியை ஒவ்வொரு நிருபரும் வெவ்வேறு விதமாக எழுதியிருப்பார்கள். அதனால் ஒரு நாளிதழை மட்டும் படித்து முடிவு செய்யக் கூடாது. மூன்று நாலு இதழ்களை எதிரெதிரே வைத்துப் படித்தேன். தகப்பனார் எட்வர்ட் வாக்கர் வந்து மகளைப் பார்த்தார். பொதுவான சாயலை வைத்தும், நெற்றியில் இருந்த ஒரு சின்னத் தழும்பை வைத்தும் அடையாளம் சொன்னார். சின்ன வயதில் பட்ட காயம். எந்தப் பிறப்புச் சான்றிதழிலும் இல்லாத தகவல் அது. அதைச் சிவப்பு மையில் 1845-க்கும் 1864-க்கும் நடுவே எழுதினேன். அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி அன்றைக்கு என் சார்ட்டில் இருந்தது அவ்வளவுதான்.

கல்யாணமாகிச் சுமார் 22 வருடம் என்றும் தகப்பனார் சொல்லியிருக்கிறார். தேவாலயப் பதிவேட்டின்படி 24. வயதும் இப்படித்தான். தகப்பனார் வாக்குமூலம் என்று ஒரு இதழ் எழுதியதில் கிட்டத்தட்ட 44. சவப்பெட்டியின் தகட்டில் 42. அவர் பிறந்தது 1845 ஆகஸ்ட் 26. அப்படியானால் இறந்த அன்று 43 வயதும் ஐந்து நாளும். பெற்ற தகப்பனே வருடத்தைத் தப்பாகச் சொல்கிறார் என்றால் அந்தக் காலத்துப் பதிவுகளில் வயதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புரிந்தது. அன்றிலிருந்து எந்தத் தேடலிலும் பிறந்த வருடத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று வருடம் தள்ளி இடம் விட்டேன்.

சரி, கல்யாணப் பதிவு. இதற்கு இரண்டு வழி உண்டு. தலைமைப் பதிவு அலுவலகத்தில் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அது பிரதி எடுத்து அனுப்பியதிலிருந்து கிடைப்பது. கையெழுத்து யாருடையதும் அதில் அசலாக இருக்காது. தேவாலயத்தில் மணமக்கள் நேரடியாகக் கையெழுத்து போட்ட புத்தகத்தின் படம் கிடைக்குமானால் அதைத்தான் பார்க்க வேண்டும். லண்டன் தேவாலயங்களின் பழைய பதிவேடுகளில் பெரும்பாலானவை கிளார்க்கன்வெல்லில் இருக்கும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, படங்கள் சந்தா கட்டும் தளங்களில் கிடைக்கின்றன. பல பொது நூலகங்களில் உட்கார்ந்து அவற்றை இலவசமாகவே பார்க்கலாம். நானும் அப்படித்தான் பார்த்தேன், சந்தா எதுவும் கட்டவில்லை.

படிவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கல்யாணத் தேதி, பெயர், வயது, முன்பு மணமானவரா, தொழில், குடியிருக்கும் இடம், தகப்பன் பெயர், தகப்பன் தொழில். தாய்க்கு இடமே இல்லை. இங்கிலாந்தில் கல்யாணப் பதிவில் தாயின் பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான். 1837-லிருந்து அதுவரை எத்தனை கோடி மகள்கள் தாயின் பெயரில்லாமல் பதிவாகியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. பாலியின் தாய் கேரலைன். அந்தப் பெயரை இந்தப் பக்கத்திலிருந்து எடுக்கவே முடியாது. தொழில் என்ற கட்டமும் மணப்பெண்களுக்கு அநேகமாகக் காலிதான். வேலை செய்யாத பெண்களா எல்லோரும்? கேட்டு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

செயின்ட் பிரைட்ஸின் உள்ளே போய் ஒருநாள் நின்றேன். 1940 டிசம்பர் 29 இரவு விழுந்த குண்டில் உள்ளே எல்லாம் எரிந்துபோனது. இப்போதைய கூடம் 1957-ல் திறந்தது. அடுக்கடுக்கான கோபுரமும் வெளிச்சுவரும்தான் பாலி பார்த்தவை. அவர் கையெழுத்திட்ட புத்தகம் தப்பித்ததே பெரிய விஷயம்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். தேடலின் முதல் மாதத்தில், பின்பக்கமிருந்து வரும் பொறுமை இல்லாமல், நேராகப் பிறப்பு அட்டவணைக்குப் போய் ‘மேரி ஆன் வாக்கர், 1845’ என்று போட்டேன். அட்டவணை மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்திருக்கும். ஆகஸ்டில் பிறந்தவர் என்பதால் செப்டம்பர் காலாண்டை மட்டும் பார்த்தேன். லண்டனில் பொருத்தமாக ஒருவர் கிடைத்தார். தகப்பன் பெயரும் எட்வர்ட். மூன்று வார இறுதிகள் அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே போனேன். தாத்தா பாட்டி வரைக்கும் வந்துவிட்டேன். அப்புறம் அடக்கப் பதிவேட்டில் அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்த வரி கண்ணில் பட்டது. அந்தத் தகப்பனின் தொழிலும் வேறு. அத்தனை தாளையும் ஒரு உறையில் போட்டு எடுத்துவைத்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை.

அதிலிருந்து கற்றது இரண்டு. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. ஆகஸ்ட் 26-லிருந்து 42 நாள் என்றால் அக்டோபர் 7. அதாவது அவருடைய பிறப்பு டிசம்பர் காலாண்டு அட்டவணையிலும் இருக்கலாம். இரண்டையும் பார்க்காமல் யாரையும் ‘இவர்தான்’ என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, பொருத்தமான பெயர் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது அந்தக் குழந்தை உயிரோடு வளர்ந்ததா என்று இறப்பு அட்டவணையில் பார்ப்பது. அந்தக் காலத்தில் அது கட்டாயம்.

பிள்ளைகளைத் தேடும்போது இதற்கு நேர்மாறான அனுபவம். பதிவு அலுவலகத்தின் இப்போதைய இணைய அட்டவணையில் 1837-லிருந்தே தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். பழைய அச்சு அட்டவணையில் 1911-க்கு அப்புறம்தான் அது வரும். நிக்கல்ஸ், தாய் வாக்கர் என்று போட்டு ஒவ்வொரு வருடமாகத் தள்ளிக்கொண்டே போனால் போதும். நிக்கல்ஸ் என்பதை ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’ (L) போட்டு எழுதுவதா இரண்டு போட்டு எழுதுவதா என்று எழுதுகிறவருக்கே நிச்சயம் இருக்காது, அதனால் ஒத்த ஒலியுள்ள பெயர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். ஐந்து பிள்ளைகள்: எட்வர்ட் ஜான் 1866-ல், பெர்சி ஜார்ஜ் 1868-ல், ஆலிஸ் எஸ்தர் 1870-ல், அப்புறம் சில வருடம் கழித்து எலைசா சாரா, ஹென்றி ஆல்ஃபிரட். பாலி என்ற செல்லப்பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராது. மேரி மாலியாகி, மாலி பாலியானது. இது தெரியாமல் பாலி என்றே தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருவோம். இங்கிலாந்தில் பத்து வருடத்துக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட இரவில் யார் எந்தக் கூரைக்குக் கீழே தூங்கினார்கள் என்று எழுதுவார்கள். 1841-ல் பாலி பிறக்கவில்லை. 1891-ல் உயிரோடு இல்லை. மிச்சம் நான்கு இரவு. 1851 மார்ச் 30, அவருக்கு ஐந்து வயது. 1861 ஏப்ரல் 7, பதினைந்து. 1871 ஏப்ரல் 2, இருபத்தைந்து. 1881 ஏப்ரல் 3, முப்பத்தைந்து. முதல் இரண்டு இரவும் வாக்கர், அடுத்த இரண்டும் நிக்கல்ஸ். 43 வருடத்தில் அரசாங்கம் அவரை எட்டிப் பார்த்தது அந்த நான்கு இரவுதான். சார்ட்டில் நான்கு மெல்லிய கறுப்புக் கோடு போட்டேன். நடுவில் எல்லாம் வெள்ளை.

அந்த வெள்ளையை நிரப்ப முகவரிகள் உதவின. கல்யாணம் ஆனதும் கொஞ்ச காலம் ஃப்ளீட் தெருவை ஒட்டிய போவெரி தெரு. அப்புறம் தேம்ஸுக்குத் தெற்கே வால்வொர்த்தில் டிரஃபால்கர் தெருவில் தகப்பனாரோடு. அப்புறம் ஸ்டாம்ஃபோர்ட் தெருவில் பீபடி குடியிருப்பு, டி பிளாக், 6-ஆம் எண். லண்டன் ஏழைகளுக்காக ஜார்ஜ் பீபடி என்ற அமெரிக்க வணிகர் 1862-ல் கொடுத்த பணத்தில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் அவை. கண்டவர்களுக்கும் அங்கே வீடு கிடைத்துவிடாது. நிலையான சம்பளமும் நல்ல பெயரும் வேண்டும். ஆக 1870-களின் பிற்பாதியில் பாலி ஒழுங்கான தொழிலாளி வீட்டு மனைவி. இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி இதுதான்.

1880-ல் குடும்பம் உடைந்தது. ஏன் என்பதில் இரண்டு வாய்மொழி இருக்கிறது. கடைசிப் பிரசவத்துக்கு வந்த தாதியோடு மாப்பிள்ளைக்குத் தொடர்பு என்று தகப்பனார் தரப்பு. இல்லை, குடியினால் அவர்தான் வீட்டை விட்டுப் போனார், ஏற்கெனவே பலமுறை போயிருக்கிறார் என்று கணவர் தரப்பு. இரண்டையும் சிவப்பில் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒன்றை அடித்து ஒன்றை வைக்க எனக்கு உரிமை இல்லை. பாலி தரப்பு எங்கும் பதிவாகவில்லை.

அதன்பிறகு பதிவேடுகள் திடீரென்று நிரம்பி வழிகின்றன. வசதியாக இருந்த பதினாறு வருடத்துக்கு நான்கைந்து தாள். வக்கற்றுப்போன எட்டு வருடத்துக்குத் தேதி தேதியாக. வொர்க்ஹவுஸில் உள்ளே போன நாள், வெளியே வந்த நாள் இரண்டையும் எழுதுவார்கள். எந்த மதம் என்பதற்குத் தனிப் புத்தகம். எந்த வட்டாரம் இவருக்குச் சோறு போடக் கடமைப்பட்டது என்று முடிவு செய்ய ஆளை உட்காரவைத்து, எங்கே கல்யாணம், எந்த வீட்டில் எத்தனை வருடம், என்ன வாடகை என்று கேட்டு எழுதும் விசாரணைத் தாள்கள் இன்னொரு பக்கம். சாதாரணப் பெண்களைத் தேடுகிறவர்களுக்கு இந்த விசாரணைத் தாள்கள் புதையல். வரிப்பணத்தை மிச்சம் பிடிக்க நடத்திய குறுக்கு விசாரணையில்தான் ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கை வரிசையாகப் பதிவாகும்.

பாலியின் தேதிகளைக் கட்டம் கட்டமாக ஒட்டினேன். 1880 செப்டம்பர் 6 முதல் 1881 மே 31 வரை லாம்பெத் வொர்க்ஹவுஸ். அதாவது நான்காவது கணக்கெடுப்பு இரவு அந்தச் சுவர்களுக்குள் விழுகிறது. அதைக் கவனித்த அன்று வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். 1882 ஏப்ரல் 24 முதல் மறுபடி லாம்பெத். 1883 மார்ச்சிலிருந்து மே வரை தகப்பனார் வீடு. அந்த ஜூன் முதல் 1887 அக்டோபர் வரை வால்வொர்த்தில் ஒரு கொல்லரோடு குடித்தனம். கொல்லர் மகளுக்கு உலைச் சத்தம் பழகியதாக இருந்திருக்கும். நான்கு வருடத்துக்கு மேல் எந்த வொர்க்ஹவுஸிலும் அவர் பெயர் இல்லை என்பதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். 1886 ஜூனில் அவருடைய சகோதரர் பாரஃபின் விளக்கு வெடித்து எரிந்து இறந்தார். அந்த அடக்கத்துக்கு பாலி வந்திருந்தார், மரியாதையாக உடுத்தியிருந்தார் என்று தகப்பனார் சொன்னது இந்த இடைவெளியில் வருகிறது.

1887 அக்டோபருக்குப் பிறகு கட்டங்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. எண்டல் தெரு வொர்க்ஹவுஸில் ஒரு இரவு. எட்மன்டன் வொர்க்ஹவுஸில் ஐந்து வாரம். டிசம்பரில் டிரஃபால்கர் சதுக்கத்தில் திறந்தவெளியில் தூக்கம். ஜனவரியில் மிட்சம். நகரத்தின் வடக்கு ஓரத்துக்கும் தெற்கு ஓரத்துக்கும் எதற்கு இப்படி அலைந்தார் என்று குழம்பினேன். நகர மையத்திலிருந்த நிர்வாக வட்டாரங்கள் தங்கள் வொர்க்ஹவுஸைப் புறநகரில் கட்டிவைத்திருந்தன. ஸ்ட்ராண்ட் வட்டாரத்துக்கு எட்மன்டன், ஹோபர்னுக்கு மிட்சம். அவர் உதவி கேட்டது நகர மையத்தில். கொண்டுபோய் விட்டது ஊர் எல்லையில். இது தெரியாமல் அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவுகளைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஏழாவது மாத முடிவில் சார்ட் கறுப்பாலும் சிவப்பாலும் நிரம்பியிருந்தது. நீலப் பேனாவின் மூடியை நான் இன்னும் கழற்றவில்லை.

1888 மே 12 அன்று லாம்பெத்திலிருந்து வெளியே வந்து வாண்ட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். அங்கிருந்து தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதினார். விசாரணையின்போது அது வெளிவந்து நாளிதழ்களில் அச்சானது. புது இடத்தில் அமர்ந்துவிட்டேன், இதுவரை எல்லாம் நன்றாகப் போகிறது. வீட்டுக்காரர்கள் நேற்று வெளியே போனார்கள், இன்னும் திரும்பவில்லை, வீடு என் பொறுப்பில். உள்ளே பெரிய அழகான வீடு, முன்னும் பின்னும் மரமும் தோட்டமும், எல்லாம் புதிதாகச் செப்பனிட்டது. குடிக்காதவர்கள், பக்திமான்கள், அதனால் நான் நன்றாக இருக்க வேண்டியதுதான். நல்ல மனிதர்கள், வேலையும் அதிகமில்லை. நீங்கள் சுகமா, பையனுக்கு வேலை கிடைத்ததா. சீக்கிரம் பதில் போடுங்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். கீழே ‘பாலி’ என்று கையெழுத்து.

பையன் என்றால் மூத்த மகன் எட்வர்ட் ஜான், தாத்தாவோடு வளர்ந்தவன். எட்டு மாதத் தேடலில் பாலி என்ற பெயரை அவரே எழுதி நான் பார்த்தது இங்கே மட்டும்தான். பூட்டுக் கொல்லரின் மகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர். தோட்டம் பின்னாலும் இருக்கிறது முன்னாலும் இருக்கிறது என்று சொல்லத் தோன்றியவர். தகப்பனார் பதில் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் மகளிடமிருந்து கடிதம் வரவில்லை. ஜூலை 12 அன்று மூன்று பவுண்டு பத்து ஷில்லிங் பெறுமான துணிகளோடு அந்த வீட்டை விட்டுப் போய்விட்டார்.

மே 12-க்கும் ஜூலை 12-க்கும் நடுவிலிருந்த கட்டம் சின்னது. அதில் கடிதம் முழுவதையும் நீல மையில் பொடி எழுத்தில் எழுத ஒரு மாலைப்பொழுது ஆனது. இடம் போதாமல் கடைசி இரண்டு வரியைப் பக்கவாட்டில் எழுதினேன்.

இப்போது எலைசா சாராவிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். 1891 ஏப்ரல் 5 கணக்கெடுப்பு, இரண்டு எல், ஒரு எல், இரண்டு விதமாகவும்.